இரண்டாவது பற்றவைப்பு

அத்தியாயம் பதினான்கு

கணவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் காலையில் கும்நான் அம்மாள் தம் மகளிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கியர்பாக்ஸ் புதியதா, பழையதா?

படையலுக்கான பேரிக்காய்களை ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கிக்கொண்டே கேட்டார். அன்று பிற்பகல் மலைக்கோயிலில் கடைசிச் சடங்கு. அது முடிந்தால் இறந்தவர் இவ்வுலகை விட்டு முற்றிலும் விலகிப் போய்விடுவார். அதன்பின் கேட்பதற்கும் சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

பியோ சாங்குன் வாழ்நாளெல்லாம் சியோல் நகரில் சொந்த டாக்சி ஓட்டியவர். ஆற்றோர விரைவுச் சாலையில் அவருடைய வண்டி திடீரென இழுவை இழந்து வேகம் குறைந்தது; பின்னால் வந்த சரக்கு லாரி அதைப் பாலத்தூணோடு சேர்த்து நெரித்துவிட்டது. அந்த வண்டிக்குக் கியர்பாக்ஸ் மாற்றிச் சில வாரங்களே ஆகியிருந்தன. மாற்றியவன் மூத்த மகன் ஜோங்தே. ஜாங்கான்பியோங் உதிரிபாகத் தெருவில் கடை வைத்திருப்பவன். "கம்பெனியிலேர்ந்து நேரா வந்த புதுசும்மா" என்று தாயிடம் சொன்னவனும் அவனே. அந்தச் சொல்லை நம்பித்தான் கும்நான் அம்மாள் வண்டியின் நான்கு சக்கரங்களிலும் அரிசிக் கள்ளை ஊற்றி வணங்கினார்.

சென்ற வாரம் பாங் என்னும் சக ஓட்டுநர் துக்கம் விசாரிக்க வந்து, போகிற போக்கில் ஒரு சொல்லை விட்டுச் சென்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வேகம் எடுக்கும்போதெல்லாம் அந்த வண்டி முனகியதாம். புதுக் கியர்பாக்ஸ் முனகாதாம். அன்றுமுதல் அந்த வீட்டில் தாய் மகனோடு பேசவில்லை. தங்கை யூன்சிலோ பேசக்கூடாதவற்றையெல்லாம் பேசிவிட்டாள். அண்ணன் எதற்கும் மறுமொழி சொல்லவில்லை. வண்டியை விரைவில் நசுக்கிவிடும்படி பழைய வண்டிக் கிடங்குக்காரரிடம் அவன் அவசரப்படுத்தினான் என்பது தெரிந்தபோது, அந்த மௌனத்துக்கு இருவரும் ஒரே பொருளைத்தான் கொண்டார்கள்.

"உனக்குப் பார்த்தா தெரியும்ல?" என்றார் தாய்.

தெரியும் என்றாள் யூன்சில். அவள் வேலை பார்ப்பது இஞ்சியோன் நகரில், பழைய கியர்பாக்ஸ்களைப் பிரித்துச் சீரமைத்து மீண்டும் விற்பனைக்கு அனுப்பும் ஆலையில். 'செத்த வண்டியோட குடலைக் கழுவுற வேலை' என்பது அவ்வேலைக்குக் கும்நான் அம்மாள் வைத்த பெயர்.

"அப்ப போய்ப் பாரு. புதுசுன்னா அவன் முன்னால நின்னு ஊதுவத்தி ஏத்தட்டும். ரீகண்டிஷன்னா கோயில் வாசலுக்கு வெளியவே நிக்கட்டும். அப்பனை ஏமாத்தின கை அப்பனுக்குப் படைக்க வேணாம்."

சொல்லிவிட்டு அடுத்த பேரிக்காயை எடுத்துக்கொண்டார். தலைமகன் தந்தையின் கடைசிச் சடங்கில் வெளியே நிற்பதென்றால், உறவினர் அனைவரும் பார்க்க அவனை மகனில்லை என்று அறிவிப்பதே ஆகும். யூன்சில் கறுப்பு மேலங்கியை மாட்டிக்கொண்டு புறப்பட்டாள்.

*

முதலில் அண்ணன் கடைக்குப் போனாள்.

பழையதைப் பழையது என்று சொல்லி விற்பது தொழில். புதியது என்று சொல்லி விற்பது திருட்டு. இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டென்று நம்பி அதில் குடியிருப்போர் அந்தத் தெருவில் மிகுதி. வெள்ளி வண்ணம் தெளித்த பெட்டியைப் 'புதுசு மாதிரி' என்பார்கள். வாங்குபவன் முகம் மலர்ந்தால் 'மாதிரி' என்னும் சொல் மெல்ல நழுவிவிடும். சீரமைத்த கியர்பாக்ஸ் இழிவானதன்று. ஒழுங்காகச் செய்தால் புதியதற்கு நிகராக உழைக்கும். இழிவு பொருளில் இல்லை. அதன்மேல் ஒட்டப்படும் பொய்யில்தான் இருக்கிறது.

எதிர்க்கடைக்காரர் அவளைக் கண்டதும் வழக்கம்போல் குரல் கொடுத்தார். "வாங்க டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பொணத்துக்கு உசிரு குடுத்தீங்க?" அவளுடைய கறுப்பு உடை அதற்குப் பிறகுதான் அவர் கண்ணில் பட்டது. கையிலிருந்த தேநீர்க் குவளையைப் பார்த்தபடி உள்ளே போய்விட்டார்.

கடையில் அண்ணி ஹேசுக் மட்டும் இருந்தாள். அண்ணன் எங்கோ அலைந்துகொண்டிருப்பதாகவும், சொல்லாமல் போய்ச் சொல்லாமல் வருவதே இப்போது அவன் வழக்கமாகிவிட்டது என்றும் அலுத்துக்கொண்டாள். யூன்சில் சுற்றி வளைக்கவில்லை.

"அண்ணி, அப்பா வண்டியிலேர்ந்து கழட்டின பழைய கியர்பாக்ஸ் எங்க?"

"அதுவா? லாரி வந்து ஏத்திட்டுப் போயிடுச்சே. அன்னிக்கே."

சொல்லி முடிப்பதற்குள் ஹேசுக்கின் முகம் மாறியது. என்ன சொல்லிவிட்டோம் என்பது அவளுக்கே அப்போதுதான் விளங்கியது. அந்தத் தொழிலில் இது எல்லாரும் அறிந்த வழக்கம். புதிய கியர்பாக்ஸ் வாங்கினால் பழையது கடையிலேயே கிடக்கும். அதை யாரும் கேட்கமாட்டார்கள். சீரமைத்ததை வாங்கினால் மட்டுமே, அதைக் கொண்டுவந்து இறக்கும் லாரி பழையதை ஏற்றிக்கொண்டு போகும். அடுத்த முறை சீரமைக்க ஓர் உடல் வேண்டுமல்லவா?

"எனக்கு ஒண்ணும் தெரியாது, யூன்சில்" என்றாள் அண்ணி. "ஆனா நீ நினைக்கிற மாதிரி ஆளு இல்ல உங்க அண்ணன். அவர்கிட்ட கேளு. நான் கேட்டா அழறாரு."

யூன்சில் வெளியேறினாள். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் ஹேசுக் கணவனுக்குத் தொலைபேசியில் செய்தி சொல்லிவிட்டாள்.

*

யாங்ஜுவில் உள்ள கிடங்கில், நசுக்கும் இயந்திரத்தின் எதிரே மூன்றாவதாக நின்றது தந்தையின் வண்டி. கிடங்கு முதலாளி மா வாயாடி மனிதர். தம்முடைய இயந்திரம் அமைச்சர் வண்டிக்கும் டாக்சிக்கும் வேறுபாடு பார்க்காது என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பவர், அவளிடம் எதுவும் சொல்லவில்லை. வண்டியைச் சங்கிலியில் உயர்த்தித் தந்து, ஒரு கைவிளக்கையும் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

ஓட்டுநர் இருக்கைப் பக்கம் பார்க்காமலே யூன்சில் வண்டியின் அடியில் நுழைந்தாள்.

கியர்பாக்ஸின் மேலுறை ஒரே சீரான வெளிர்சாம்பல் நிறத்தில் இருந்தது. வார்ப்பிலிருந்து புதிதாக வந்த அலுமினியத்தில் ஒரு மினுக்கம் இருக்கும். அச்சின் விளிம்புக்கோடுகள் கையைக் கீறும் அளவுக்குக் கூர்மையாக இருக்கும். இங்கே விளிம்புகள் மழுங்கியிருந்தன. நுண்மணிகளைப் பாய்ச்சிச் சுத்தம் செய்த பரப்பு இது. போல்ட்டுகள் புதியவை, பச்சைப் பூச்சுகூடக் கலையவில்லை. ஆனால் ஒரு போல்ட்டைச் சற்றே தளர்த்தியதும், அதன் தலை அமர்ந்திருந்த இடத்தில் வேறொரு வட்டத் தழும்பு தெரிந்தது. முன்பு அங்கே இருந்த வேறொரு போல்ட், ஆண்டுக்கணக்கில் அழுத்தி உண்டாக்கிய தழும்பு. எத்தனை முறை கழுவினாலும் அது மறையாது.

பழையதுதான்.

சினமே முதலில் வரும் என்று எண்ணியிருந்தாள். ஆனால் வந்தது சோர்வு. இதை எப்படி அம்மாவிடம் சொல்வது?

அப்போது கிடங்கின் வாயிலில் ஒரு சிறிய லாரி வந்து நின்றது. ஜோங்தே கறுப்புக் கோட்டும் கசங்கிய சட்டையுமாக ஓடிவந்தான். சடங்குக்கு உடுத்தியவன், கழுத்துப்பட்டையைக் கட்ட மறந்திருந்தான்.

"யூன்சில், வெளிய வா. நான் ஒத்துக்கறேன். ரீகண்டிஷன்தான். நான்தான் அம்மாகிட்ட பொய் சொன்னேன். போதுமா? வா, போலாம்."

அறுபடாமல் சேர்ந்து வந்தன அச்சொற்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருப்பான் போலும். யூன்சில் வண்டியின் அடியிலிருந்தே அவனுடைய காலணிகளைப் பார்த்தாள்.

"இத்தனை நாளா வாயே திறக்கல. இப்ப எதுக்கு ஓடிவந்து ஒத்துக்கறே?"

"அதான் ஒத்துக்கிட்டேனே. இன்னும் என்ன பாக்கணும் உனக்கு? வெளிய வா."

அவன் குனிந்து அவளுடைய கணுக்காலைப் பற்றி இழுத்தான். சிறுவயதில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளை இழுப்பானே, அதே இழுப்பு. குற்றத்தை ஒப்புக்கொண்ட மனிதனுக்கு இத்தனை அச்சம் எதற்கு? அவள் காலை உதறிக்கொண்டாள். விளக்கை முன்பக்கம் திருப்பினாள்.

கியர்பாக்ஸ் எஞ்சினோடு இணையும் இடத்தில் மேலுறை மோதலில் உடைந்து, உள்ளே இருந்த கன்வெர்ட்டர் வெளியே தெரிந்தது. எஞ்சினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியருக்குக் கடத்தும் உருண்டையான எஃகுக் கலம் அது. இரண்டு பாதிகளை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் பற்றவைத்திருப்பார்கள். புதியதில் அந்தப் பற்றவைப்பு மெல்லிய கோடாக, இயந்திரம் ஒரே மூச்சில் இழுத்ததாக இருக்கும். சீரமைப்பதற்கு அக்கோட்டை அறுத்துத் திறந்து, பழுது பார்த்து, மீண்டும் மூடவேண்டும். அந்த இரண்டாவது பற்றவைப்பு தடித்து, மீன்செதிலைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அதுதான் அவளுடைய வேலை. ஆலையில் நாள் முழுவதும் அவள் செய்வது அதைத்தான்.

செதில்கள் சாய்ந்திருக்கும் பக்கத்தைக் கொண்டு, பற்றவைப்பு எந்தத் திசையில் ஓடியது என்பதைத் தொழில் அறிந்தவர் படித்துவிடுவர். ஆலையில் எல்லா மேசைகளும் வலப்புறமாகச் சுழலும். யூன்சில் இடக்கைக்காரி. உணவுக்குச்சியை இடக்கையில் பிடித்ததற்காகத் தாயிடம் வாங்கிய அடியெல்லாம் வீணாகிப்போன பிடிவாத இடக்கை. அவளுக்காக ஒரே ஒரு மேசையின் மோட்டாரை மட்டும் இடப்புறமாகச் சுழலும்படி மாற்றித் தந்திருந்தார்கள். அதனால் அவள் மூடிய கலங்களில் மட்டும் செதில்கள் எதிர்த்திசையில் படிந்திருக்கும்.

இதிலும் எதிர்த்திசையில்தான் படிந்திருந்தன.

பற்றவைப்பு தொடங்கி, சுற்றிவந்து, தன்னோடு தானே சேரும் இடத்தில் மயிரிழையளவு விரிசல் ஒன்று ஓடியிருந்தது.

நெடுநேரம் அவள் வெளியே வரவில்லை. ஜோங்தே தரையில், எண்ணெய்க் கறையின்மேல், கறுப்புக் கோட்டோடு உட்கார்ந்துவிட்டான்.

*

பிறகு அவன் சொன்னான். கேட்காமலே சொன்னான்.

வசந்த காலத்தில் ஒரு நாள் அப்பா கடைக்கு வந்தாராம். புதுசு வேண்டாம், சின்னவள் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஒன்று வரவழைத்துக் கொடு என்றாராம். அம்மா சம்மதிக்கமாட்டாளே என்று இவன் தயங்க, அம்மாவிடம் புதுசு என்று சொல்லிவிடு, அவள் நிம்மதியாகத் தூங்கட்டும் என்றாராம். சரக்கு வந்து இறங்கியதும் விளக்கை வாங்கிக் கன்வெர்ட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாராம்.

"செதில் எந்தப் பக்கம்னு பாத்தாரு. உன் ஆலைக்கு ஒருவாட்டி வந்தப்ப நீதான் காட்டினியாமே. கண்டுபிடிச்சிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு பாரு. 'எம்பொண்ணு கை'ன்னாரு. கடையில இருந்த எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினாரு."

யூன்சில் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்த விரிசலை நான் முன்னாடியே பாத்துட்டேன். பிரிச்சுப் பாக்காம எதுவும் தெரியாது. முட்டினதுல விரிஞ்சிருக்கலாம். முன்னாடியே விரிஞ்சிருந்தா..." அவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "என்னைத் திருடன்னு நினைச்சா நினைச்சிட்டுப் போ. அதை நான் தாங்கிக்குவேன். அதனாலதான் நசுக்கச் சொல்லி அவசரப்படுத்தினேன்."

அவன் முடிக்காத வாக்கியத்தை அவளே மனத்துக்குள் முடித்துக்கொண்டாள். விரிசல் முன்பே இருந்திருந்தால், ஓடும்போதே எண்ணெய் கசிந்து இழுவை போயிருக்கும். உள்ளே இருக்கும் தட்டுகள் கருகியிருக்கும். மோதலில் உண்டான விரிசல் என்றால் தட்டுகள் பழுதின்றி இருக்கும். திறந்தால் ஒரு கணத்தில் தெரிந்துவிடும்.

அப்போது அவளுடைய கைபேசி அதிர்ந்தது. கோயிலிலிருந்து அம்மா. துறவிகள் வந்துவிட்டார்கள், உறவினர் கூடிவிட்டார்கள், என்ன முடிவென்று கேட்டார்.

ஜோங்தே தலையை வேகமாக ஆட்டினான். பழசு என்று மட்டும் சொல், வேறொன்றும் சொல்லாதே, வெளியே நிற்பது எனக்குப் பெரிதன்று என்று உதடுகளால் மன்றாடினான்.

"ரீகண்டிஷன்தான்ம்மா" என்றாள் யூன்சில்.

அண்ணன் கண்களை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் தெரிந்த நிம்மதியை அவளால் பார்க்க முடியவில்லை, திரும்பி நின்றுகொண்டாள்.

"அண்ணன் ஏமாத்தலம்மா. அப்பா கேட்டு வாங்கினது. உங்கிட்ட புதுசுன்னு சொல்லச் சொன்னதும் அப்பாதான். எங்க ஆலையில பண்ணது. பத்த வச்சது நான்மா. அதுல விரிசல் இருக்கு."

மறுமுனையில் யாரோ பாத்திரத்தை வைக்கும் ஒலி. பிறகு இணைப்பு அறுந்தது.

மா கியர்பாக்ஸைக் கழற்றி, ஜோங்தேயின் லாரியில் ஏற்றித் தந்தார். எஞ்சிய வண்டி நசுக்கும் இயந்திரத்துக்குள் போவதைக் காண அவர்கள் நிற்கவில்லை.

*

அவர்கள் மலையேறிச் சென்றபோது ஓதுதல் தொடங்கியிருந்தது. கும்நான் அம்மாள் மண்டபத்தின் வாசலிலேயே நின்றார். மகனைக் கண்டதும், அவனுடைய கோட்டில் ஒட்டியிருந்த எண்ணெய்க் கறையைக் கைக்குட்டையால் இருமுறை துடைத்தார். அது போகவில்லை. முகவாயை உயர்த்தி, முன்னால் போய் நில் என்று சைகை காட்டினார். மகளைப் பார்க்காமலே உள்ளே போனார்.

யூன்சில் படிகளுக்குக் கீழே, லாரியின் அருகில் நின்றுகொண்டாள். எந்தக் கை படைக்கக்கூடாது என்று காலையில் அம்மா சொன்னாரே, அது எந்தக் கை என்பது இப்போது யாருக்குத் தெரியும்? உள்ளே தந்தையின் பெயரை ஓதினார்கள். அண்ணன் விழுந்து வணங்கும்போது மரத்தரை அதிர்வது அவளுக்குக் கேட்டது. பெரியப்பா மகன்கள் வணங்கினார்கள். அண்ணி வணங்கினாள்.

சடங்கின் நடுவே எழுந்து வருவது முறையன்று. ஆயினும் கும்நான் அம்மாள் எழுந்து வந்தார். முழங்கால் வலிக்காகக் கைப்பிடியைப் பற்றிப் படி படியாக இறங்கி, மகளைக் கடந்து, லாரியின் பின்பக்கம் சென்றார். தார்ப்பாயை விலக்கி அந்தச் சாம்பல் நிற உலோகத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

"இதுதானா?"

"இதுதான்மா."

"எங்கிட்ட பொய் சொல்லிட்டாரு உங்கப்பா, பாத்தியா. நான் வேணாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சிருக்கு." உலோகத்தில் படிந்திருந்த தூசியைக் கையால் தள்ளிவிட்டார். "சொல்லியிருப்பேன்தான்."

காற்று தார்ப்பாயை உயர்த்தித் தாழ்த்தியது.

"திறந்தா தெரியுமா?"

"தெரியும்மா."

"நீ திறக்காதே. உங்கண்ணனும் வேணாம், அவன் இன்னொரு பொய் சொல்லுவான். நம்மள யாருன்னே தெரியாத ஒருத்தனைப் பாரு. நான் பக்கத்துல நிக்கிறேன். என்ன இருந்தாலும் எனக்குத் தெரியணும்."

தார்ப்பாயை முன்னிருந்ததைவிட இறுக்கமாக இழுத்துக் கட்டினார். பிறகுதான் மகளின் முகத்தைப் பார்த்தார்.

"ஷூவைக் கழட்டு. உள்ள வா."

யூன்சில் கீழ்ப்படியில் அமர்ந்து குனிந்தாள். கயிற்றின் முடிச்சு அவிழவில்லை. தாய் அவளுக்கு அருகில், குளிர்ந்த கல்லின்மேல், வலிக்கும் காலை நீட்டி உட்கார்ந்து காத்திருந்தார். அடுத்து மகள் வந்து தேநீர் படைக்கலாம் என்று உள்ளேயிருந்து துறவி அழைத்தார். சற்றுப் பொறுத்து மீண்டும் ஒருமுறை அழைத்தார்.